பின்சீட்டில் ஒரு கிடா

— எனக்கு ஞாபகம் சரியா இருக்கான்னு தெரியல மதி. போன தடவ இந்தக் கோயிலுக்கு வந்தப்ப இங்க ஸ்பீட் பிரேக்கர் இருந்துச்சா?

— போன தடவ நம்ம வந்தது பைக்குல. பைக்குக்கு இதெல்லாம் ஒரு மேடாத் தெரிஞ்சிருக்காது. மொதல்ல ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுங்க. கீழ என்னமோ நறநறங்குது.

— எடுத்துட்டேன். முன்னாடியும் போகல, பின்னாடியும் போகல. வயிறு மேட்டுல உக்காந்துருச்சு.

— சீர லோடு ஆட்டோவுல அனுப்புங்கன்னு தலபாடாச் சொன்னேன். டிக்கியில ரெண்டு சிறுமல வாழத்தாரு, அரிசி மூட்ட, பித்தளக் கொடம். பின்சீட்டுல கிடா. எந்தக் காருதான் தாங்கும்.

— தாய்மாமன் சீரு தாய்மாமன் கார்லதான் வரணும். கோயில் வாசல்ல தங்கச்சி கீர்த்தனா மாமியார் வீட்டாளுக மொத்தமும் நிப்பாக. கதவத் தொறந்தா மொதல்ல கிடா எறங்கணும். அப்புறம் நானு.

— ரெண்டு பேர்ல யாரு மாமன்னு கொழம்பிருவாக.

— சிரி. ஐநூறு குதிர சக்தி வண்டி இது.

— ஐநூறு குதிரையும் சேந்து ஒரு கிடாயத் தூக்க முடியல.

— பின்னால எவன் இப்படி ஹாரன் அடிக்கிறான்.

— டவுன் பஸ்ஸு. கண்டக்டர் எறங்கி வாராரு, கண்ணாடிய எறக்குங்க.

— அண்ணே, வண்டியக் கொஞ்சம் ஓரமா… ஆத்தி, கிடா ஏசியில வருது. எம் பஸ்ஸுல அம்புட்டுப் பேரும் வேத்து ஒழுகுறாங்க. இவரு லெதர் சீட்டுல சாஞ்சு வாராரு.

— ஏலே, பேச்சக் கொற. இது சாதாரண வண்டி இல்ல. மேட்டுல மாட்டிருச்சு.

— ரைட்டு. பாத்தாலே தெரியுது சாதாரண வண்டி இல்லன்னு. சாதாரண வண்டி எல்லாம் ஏறி எறங்கிப் போகுது. எம்புட்டு வேகம் போகும்ணே?

— முன்னூறு.

— இந்த நத்தம் ரோட்டுலயா?

— அவரு சும்மா சொல்லுவாரு தம்பி. வீட்டுல இருந்து வெங்காய மண்டி, மண்டியில இருந்து வீடு. நாப்பதத் தாண்டி நான் பாத்ததில்ல. கார்ல ஏறுனா வெங்காய வாட அடிக்கும், அதுக்கு ஒரு சென்ட்டு வாங்கி வச்சிருக்காரு.

— மதி.

— ரைட்டுண்ணே, சண்ட வேணாம். எம் பேரு மூக்கையா. பஸ்ஸுக்குள்ள காது குத்துற ஆசாரி ஒருத்தர் உக்காந்துக்கிட்டு, நல்ல நேரம் போகுது, நல்ல நேரம் போகுதுன்னு உசுர எடுக்குறாரு. அதுக்குத்தான் வந்தேன்.

— எந்த வீட்டுக் காதுகுத்து?

— இளஞ்செழியன் வாத்தியாரு மகளுக்கு. சாணார்பட்டி முக்குல ஃபிளெக்ஸ்கூட இருக்கே. ஒரு கருப்புக் கார்ல சாஞ்சு ஒருத்தரு கூலிங் கிளாஸ் போட்டுக்கிட்டு, தாய்மாமன் சிவபிரகாஷ்னு… அட. நீங்கதானாண்ணே அது? கார வச்சுத்தான் கண்டுபிடிச்சேன். மூஞ்சி அதுல வேற மாதிரி இருந்துச்சு.

— ஏங்க, கேட்டீங்களா. சீரு இங்க, மாமன் இங்க, ஆசாரியும் இங்க. கோயில்ல பாப்பா மட்டும் மொட்ட போட்டு உக்காந்திருக்கு.

— சரி, எறங்கு. மொதல்ல சாமான எறக்குவோம்.

— அப்பு, பஸ்ல இருக்குற ஆம்பளைக எல்லாம் கீழ வாங்கப்பா. வாழத்தாரப் புடி. கொடத்த அக்காகிட்ட குடு. கிடாய யாராச்சும் புடிங்க, அது எறங்க மாட்டேங்குது, பழகிருச்சு. ரைட்டு. இப்பத் தள்ளு.

— கதவுல கை வைக்காதீங்க. பெயிண்டு போயிரும்.

— வேற எங்கண்ணே வைக்கிறது? ஒங்க வண்டியில புடிக்க ஒரு கம்பிகூட இல்ல. தள்ளு, இன்னுங் கொஞ்சம். ஓரத்துல விடு. ரைட்டு ரைட்டு.

— ஏங்க, மேட்டப் பாருங்க. கருப்பா ஒழுகியிருக்கு.

— ஆயிலு. அடியில ஒடஞ்சிருச்சு போல. இரு, கம்பெனிக்காரனுக்குப் போன் போடுறேன். … மதுரையில இருந்து ஆளு வருதாம். அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணக் கூடாதாம்.

— நல்லதாப் போச்சு. பூட்டிட்டு வாங்க, பஸ்ல ஏறுவோம். கோயிலு அடுத்த ஸ்டாப்புதான்.

— நான் டவுன் பஸ்ல போயி எறங்குறதா?

— எறங்குனா என்ன?

— கீர்த்தனா கல்யாணத்துல, மாப்பிள்ள வீட்டாளுக பஸ்ல வந்தாங்கன்னு மண்டபத்துல வச்சுச் சிரிச்சவன் நானு. அம்புட்டுப் பேரும் கேட்டாங்க. இன்னைக்கு அதே பஸ்ல கிடாயப் புடிச்சுக்கிட்டு எறங்கச் சொல்றியா.

— சிரிச்சது நீங்க. அதுக்குப் பாப்பா என்ன செய்யும்? மாமன் மடியில உக்கார வச்சுத்தான் காது குத்தணும். இம்புட்டு நாளும் பேசாம இருந்தவ போன் பண்ணி, அண்ணே, ஒன் மடி வேணும்னு கேட்டா. ஒன் காரு வேணும்னு கேக்கல.

— பேச்சு ஏன் நின்னுச்சுன்னு மறந்துட்டியா?

— மறக்கல.

— அவ வளகாப்புல ஒன்னய வளையல் போட விடல அவ மாமியா. புள்ள இல்லாதவ கை படக் கூடாதுன்னு, கூட்டத்துல வச்சு. கீர்த்தனா தலயக் குனிஞ்சுக்கிட்டு உக்காந்திருந்தா. ஒரு வார்த்த சொல்லல.

— அத இப்ப எதுக்குப் பேசுறீங்க. பஸ்ஸு நிக்குது.

— அன்னைக்கு மழன்னு இதே மாதிரி ஒரு டவுன் பஸ்லதான திரும்பி வந்தோம். பக்கத்து சீட்டுப் பொம்பள யாருன்னே தெரியாது. ஒனக்கு எத்தன புள்ளன்னு கேட்டா. நீ சன்னலுக்கு வெளிய பாத்துக்கிட்டே வந்த. அன்னைக்குத்தான் முடிவு பண்ணேன். இந்த வண்டியில கண்ணாடிய ஏத்திட்டா வெளிய எவ பேசுறதும் கேக்காது. ஷோரூம்ல குதிர சக்தியப் பத்தி அவன் சொன்னதெல்லாம் நான் கேக்கவே இல்ல. ஒன்னய உள்ள உக்கார வச்சுட்டு, வெளிய நின்னு பேசிப் பாத்தேன். கேக்குதான்னு கேட்டேன். கேக்கலன்னு தலையாட்டுன.

— அது எனக்கும் புடிச்சதுங்க. மொத மாசம் புடிச்சது. அப்புறம் உள்ள நம்ம ரெண்டு பேரும் பேசுறதும் நின்னுபோச்சு.

— இரு, கண்ணாடியெல்லாம் ஏத்தியிருக்கான்னு பாக்குறேன்.

— நான் பொய் சொல்லலீங்க.

— அக்கா, டிரைவர் கத்துறாரு. ஆசாரி எறங்கி நடக்கப் போறேங்குறாரு.

— வாரேன் தம்பி. நீங்க வாரீங்களா, இல்லையா?

— நீ போ. செத்த நேரத்துல மெக்கானிக்கு வந்திருவான். சரி பண்ணிட்டுக் கார்லயே வந்துருறேன். ஆசாரிய கொஞ்சம் பொறுக்கச் சொல்லு.

— ஆசாரி பொறுப்பாரு. நேரம் பொறுக்கணுமே.

— அக்கா, சீரெல்லாம் ஏத்தியாச்சு. பொம்பளையாளுகளுக்கு ஃப்ரீ, ஒங்களுக்கு டிக்கெட்டு இல்ல. கிடாவுக்கு மட்டும் போடணும். அண்ணே, ஒரு டிக்கெட்டு. நீங்க வந்தா ரெண்டு.

— ஒண்ணு போடு.

— ரைட்டு. போலாம் போலாம்.

.

— ஹலோ. மதி. மெக்கானிக்கு இன்னும் வரல, நத்தம் பக்கம் போயிட்டு வழி கேக்குறான். ஆசாரி இருக்காரா?

— அவரு குத்திட்டுப் பந்தியில உக்காந்துட்டாரு.

— குத்தியாச்சா? எனக்குன்னு யாரும் நிக்கலையா?

— நின்னாங்க. கீர்த்தனா ரோட்டையே பாத்துக்கிட்டு நின்னா. போட்டோக்காரருதான், மாமன் வராட்டியும் பரவாயில்ல, ஆல்பத்துல ஒட்டிரலாம்னாரு. ஃபிளெக்ஸ் படம் தெளிவா இருக்காம். கார எடுத்துட்டு மூஞ்சிய மட்டும் வெட்டிக்கிறேன்னாரு.

— வெளயாடாத. யாரு மடியில வச்சாங்க? எங்க பெரியப்பா மகன் வந்திருந்தானே, அவன் போயி உக்காந்துட்டானா? அதுக்குன்னே காத்துக்கிட்டு இருப்பான்.

— வேட்டியச் சரி பண்ணிக்கிட்டு வந்தாரு. கீர்த்தனா வேணாம்னுட்டா. எங்கண்ணன் இருக்கப்ப இன்னொருத்தர் மடி எதுக்குன்னுட்டா.

— அப்ப யாருதான்?

— மெல்லப் பேசுங்க. பாப்பா முழிச்சுரும்.

— நான் வாரேன் மதி. வண்டி கெடந்தாக் கெடக்கட்டும், பூட்டிட்டு நடந்தே வந்துருறேன்.

— இனிமே வந்து என்ன செய்யப் போறீங்க? எல்லாம் முடிஞ்சது. பஸ்ஸு அப்பவே போயிருச்சு. நம்ம கிடாயக் கோயில் மரத்துல கட்டியிருக்காங்க, எல தின்னுக்கிட்டு நிக்குது. மாப்பிள்ள பந்தி பாக்குறாரு, ஒங்களக் கேட்டாரு. கீர்த்தனா அழுது முடிச்சுட்டுச் சிரிச்சுக்கிட்டு இருக்கா. அவ மாமியா வெளிய போயி நின்னவங்க இன்னும் உள்ள வரல.

— அவுங்களுக்கு என்ன வந்துச்சு?

— எல்லாருக்கும் முன்னாடி கீர்த்தனா, மதினி, நீங்க மணையில உக்காருங்கன்னா. நான் மாட்டேன்னேன். கையப் புடிச்சு உக்கார வச்சு, பாப்பாவ எம் மடியில குடுத்துட்டா. குத்துனப்ப அழுதுச்சு, அப்படியே தூங்கிருச்சு. எனக்குக் காலு மரத்துப் போச்சுங்க. நான் இன்னும் எந்திரிக்கல.