சனிக்கிழமைக் கணக்குப் பாடம்

காலையில் பொரித்த மீன் சாப்பிட்டால் எனக்கு அன்று முழுக்க வயிறு கனக்கும். ஆனாலும் லாமோன்ட் நினைவு விருந்தில் இரண்டு துண்டு சாப்பிட்டுவிடுவேன். மீதி வைத்தால் அவன் அம்மா மிஸ் வெர்னெட்டாவின் முகம் வாடும். அது எனக்குப் பொறுக்காது.

டெட்ராய்ட்டிலிருந்து மேக்கன் வரை வந்து, உங்கள் அப்பா பெட்வேக்கு என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். நீங்கள் அவர் மகள், கேட்க உரிமை இருக்கிறது. சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். அம்மா கோழி ஆலையில் எலும்பு நீக்குகிறாள். மடங்கிய விரல்கள் இப்போது நிமிர்வதில்லை. நானும் அங்கேதான் போயிருக்க வேண்டும். பள்ளிக் கடைசி வருஷத்தில்தான் லாமோன்ட் கிரீர் பெயரில் உதவித்தொகை இருக்கிறது என்று தெரிந்தது.

லாமோன்ட், கல்லூரியில் சேர்ந்தால் ஆயுள் முழுக்க உறுப்பினராக இருக்கும் உங்கள் அப்பாவின் சகோதரர் சங்கத்தில் சேரப் போன கல்லூரிப் பையன். புதிதாகச் சேர வந்தவர்களை ஆகஸ்ட் வெயிலில் ஓடவிட்டார்கள். விழுந்தவன் எழவில்லை. ஓடச் சொன்னது யார் என்று இன்றுவரை ஒருவரும் வாய் திறக்கவில்லை. சங்கத்தின் மேக்கன் கிளைப் பெரியவர்கள் அவன் பெயரில் நான்கு வருஷப் படிப்புக்கு உதவித்தொகை வைத்தார்கள். வாயைத் திறப்பதைவிட அது சுலபம்.

‘உன்னைத் தூக்கிவிட்டவர் யார்?’ என்று கட்டுரை கேட்டார்கள். என்னை யாரும் தூக்கிவிடவில்லை. அதை எழுதினால் எவன் கொடுப்பான்? சனிக்கிழமைதோறும் லாமோன்ட் நூலகத்தில் எனக்கு அல்ஜீப்ரா சொல்லிக் கொடுத்தான் என்று எழுதினேன். அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை.

கிடைத்தது. ஆனால் அந்தக் கிளையில் ஒரு வழக்கம். வருஷா வருஷம் விருந்தில் லாமோன்டின் அம்மா மிஸ் வெர்னெட்டாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவனைப் பற்றி எழுதி வாசிக்க வேண்டும். வாசித்தால்தான் அடுத்த வருஷத்துக்குப் பணம் வரும். முதல் வருஷம் உங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தார். இரண்டாம் வருஷம் வந்து நான் வாசித்ததைக் கேட்டார். கேட்டுவிட்டு, சர்ச் சமையலறைக்கு என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

“அம்மாடி, நீ படிச்சதைக் கேட்டு எனக்கே கண்ணு கலங்கிடுச்சு. ஆனா ஒரு சிக்கல். சனிக்கிழமையானா அந்தப் பய என்கூடல்ல இருந்தான்.”

“எங்க?”

“டயாலிசிஸ்ல. அப்ப என் வியாதிய நான் வெளிய சொல்லல, அவனும் மூச்சு விடல. கார்ல கூட்டிட்டுப் போயி, நாலு மணி நேரம் பக்கத்துல உக்காந்து, ‘கிழவா, உன்னைவிட இந்த மெஷின் நல்லா வேலை செய்யுது’ம்பான். அல்ஜீப்ராவா? அவனுக்கும் கணக்குக்கும் ஏழாம் பொருத்தம்மா.”

நான் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தேன்.

“பயப்படாத. நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன், சத்தியம். நீயே வெர்னெட்டாகிட்ட சொல்லிடு. உன் படிப்பு நிக்காம நான் பாத்துக்கறேன்.”

இரக்கத்தோடுதான் சொன்னார். நான் எழுதிச் சம்பாதித்ததை எனக்கே பிச்சையாகப் போடுவதுபோல் இருந்தது. அந்த இரக்கத்தை நம்பி நான் எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மிஸ் வெர்னெட்டா வீட்டுக்குப் போனேன். கேக் வெட்டிக் கொடுத்துவிட்டு, எப்போதும் கேட்பதைக் கேட்டார். “வேற ஏதாச்சும் சொன்னானாடி என் புள்ள?”

“மிஸ்டர் பெட்வேயை நெனச்சா பயமா இருக்குன்னு சொன்னாம்மா. எங்களை ஓடவிடச் சொல்லியிருக்கறது அவர்தான்னு சொன்னான்.”

அவ்வளவுதான். கேக் முழுவதையும் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.

கிளை கூடி அவரை விசாரித்தது. நான் இல்லை என்றார். அப்படியானால் அந்தப் பெண் ஏன் பொய் சொல்ல வேண்டும் என்று கேட்டார்கள். அதற்கு உங்கள் அப்பா வாயே திறக்கவில்லையாம். எனக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தார். சொன்ன சொல்லை மீறாதவர் என்று ஊருக்கே தெரியும். அதை நம்பித்தான் நான் பேசினேன்.

அவரைச் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். லாமோன்ட் போன பிறகு அந்தச் சகோதரர்கள்தான் முறைவைத்து அவரை டயாலிசிஸுக்குக் கூட்டிப் போய்வந்தார்கள். முறை நின்றுபோனது. ஊரில் டாக்ஸி இருக்கிறது, பஸ் இருக்கிறது. அவர் ஏன் போகவில்லை என்று என்னைக் கேட்டால் நான் என்ன சொல்வது? நீங்களும் டெட்ராய்ட்டில்தானே இருந்தீர்கள். ஜனவரியில் போய்ச் சேர்ந்தார். இறந்த சகோதரரின் பெட்டியைச் சுற்றிக் கைகோத்து நின்று பாடுவது அவர்கள் வழக்கம். ஒருவர்கூட வரவில்லை. நான் போயிருந்தேன், கடைசி வரிசையில்.

மிஸ் வெர்னெட்டாவிடம் உண்மையைச் சொல், அப்பாவின் பெயராவது மீளட்டும் என்கிறீர்கள். பொய் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அந்தப் பொய்தான் உங்கள் அப்பாவைக் கொன்றது. உங்களிடம் ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு தயக்கமும் இல்லை.

ஆனால் மிஸ் வெர்னெட்டாவிடம் சொல்ல முடியாது. மகனைக் கொன்றது யார் என்று தெரிந்த பிறகுதான் அந்த அம்மா ராத்திரி தூங்குகிறார். என்னை மகளே என்று கூப்பிடுகிறார். அதை அவரிடமிருந்து பிடுங்கும் அளவுக்கு நான் கல்நெஞ்சக்காரி இல்லை.