காலி வண்டியின் சத்தம்

17 அக்டோபர் 1982, ஞாயிறு.

முன்பு எழுதியதில் ஒரு சிறு தவறு இருக்கிறது. அன்று வண்டியில் லோடு இருந்ததாக எழுதியிருக்கிறேன். இல்லை. வண்டி காலியாக இருந்தது.

கரோல் பாக்கில் மாலை வகுப்பு நடத்தும் ராஜகோபாலன் சார், தப்பை ரப்பர் போட்டு அழிக்கக் கூடாது, அதன்மேல் ஒரு கோடு இழுத்துவிட்டுச் சரியானதைப் பக்கத்தில் எழுத வேண்டும் என்பார். டைரி எழுதச் சொன்னதும் அவர்தான். இங்கிலீஷில் எழுதச் சொன்னார். எனக்கு இன்னும் அவ்வளவு வரவில்லை. தமிழில் எழுதிவைத்து, முடிந்ததை மட்டும் மாற்றிக் காட்டுகிறேன். இந்தப் பக்கத்தைக் காட்டப்போவதில்லை.

லோடு இருந்ததா, காலியா என்பதெல்லாம் ஒரு விஷயமா என்று கேட்கலாம். எங்கள் வேலையில் அது பெரிய விஷயம். எங்கள் லாரிக்குப் பக்கப்பலகை கிடையாது. வெறும் தட்டு. விளையாட்டுப் போட்டிக்காக ஊர் முழுக்கப் பாலம் கட்டுகிறார்களே, அதற்கான சிமெண்ட் பலகைகளை அதில் அடுக்கிச் சங்கிலி போட்டுக் கட்டிக் கொண்டுபோகிறோம். மற்ற லாரிகளில் வண்டி பின்னால் வரும்போது கிளீனர் பக்கப்பலகையைக் கையால் தட்டுவான். இதில் தட்டப் பலகை இல்லை என்பதால், தட்டின் ஓரத்து இரும்பில் ஒரு கம்பியால் அடிக்க வேண்டும். இரண்டிரண்டாக அடித்தால் வா. ஒன்று அடித்தால் நில். லோடு இருந்தால் சத்தம் அமுங்கிப்போகும். காலி வண்டியில் மணி அடித்த மாதிரி கேபினுக்குள் கேட்கும்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் மாசிலாமணி அண்ணன். அவர் டிரைவர், நான் அவருடைய கிளீனர். ஆறு வருஷம். முதலில் டயர் பார்க்க, பிறகு சங்கிலியைக் குறுக்கே போட்டு இறுக்க, பிறகு யார்டுக்குள் வண்டியை நகர்த்த, கடைசியில் ரோட்டில் ஓட்ட. “பின்னாடி செவுரு இல்லாத வண்டிடா இது. நீ அவசரமா பிரேக்கை மிதிச்சா லோடு நேரா உன் முதுகுக்குத்தான் வரும். அதனால முன்னாடி பாத்து ஓட்டு, பின்னாடி நெனச்சு ஓட்டு” என்பார். ரிவர்ஸ் எடுக்கும்போது கண்ணாடியைப் பார்த்தால் திட்டுவார். “கண்ணாடியப் பாக்கறவன் டிரைவர் இல்லடா. பின்னாடி நிக்கறவன நம்பறவன்தான் டிரைவர்.”

அவர் என்னை நம்பினார். நானும் ஒழுங்காகத்தான் அடித்துவந்தேன்.

போன மார்ச்சில் லாரி முதலாளி சர்தார்ஜி இரண்டாவது வண்டி வாங்கப்போவதாகச் சொன்னார். என்னிடம் ஹெவி லைசென்ஸ் இருந்தது. அந்த வண்டி எனக்குத்தான் என்று அண்ணனே சொன்னார். டிரைவர் ஆனால் யார்டுக்குப் பின்னால் ஓர் அறை கிடைக்கும். செங்கல் சுவர், ஆஸ்பெஸ்டாஸ் கூரை, உள்ளேயே குழாய். எங்கள் ஜுக்கிக் குடிசையை இடிக்கப்போவதாக அரசாங்கத்து ஆட்கள் ஏற்கெனவே அளந்து சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். அம்மா மோதி பாக்கில் வீட்டு வேலை செய்கிறாள். எங்களை ஆற்றுக்கு அப்பால் கொண்டுபோய்க் குடிவைத்துவிட்டால் அவளால் வேலைக்கு வந்துபோக முடியாது. அவளுக்கு ஆஸ்துமா. அந்த அறையைப் பார்க்காமலேயே, அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

மே மாதம் பச்சைமுத்து ஊரிலிருந்து வந்தான். அண்ணனின் மனைவி கோவிந்தம்மாள் அக்காவுக்குத் தம்பி. அவனிடமும் லைசென்ஸ் இருந்தது. அக்கா அண்ணனிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. ஒரு வாரம் கழித்து அண்ணன் என்னை டீக்கடைக்குக் கூப்பிட்டார்.

“அடுத்த வண்டி வரட்டும்டா. இவன் மச்சான் முறையாப் போயிட்டான். நான் என்ன பண்றது, சொல்லு.”

நான் “அச்சா, சரிண்ணே” என்றேன். அவர் என் தோளைத் தட்டினார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதைக் குறித்துவைக்க விரும்புகிறேன்.

பச்சைமுத்து கெட்டவனும் இல்லை. சிரித்துப் பேசுவான். நான் வகுப்புக்குக் கிளம்பினால், “என்ன துரை, இன்னிக்கி எந்தப் பாடம்? எனக்கும் ரெண்டு இங்கிலீஷ் வார்த்தை வாங்கிட்டு வா” என்பான். “நீ என் வண்டியிலயே வந்துருடா, உன்ன நல்லா வச்சுக்குவேன்” என்றும் சொன்னான். நல்லெண்ணத்தில்தான் சொன்னான். ஆனால் அவனுக்கு ஓட்டத் தெரியாது. அவன் கியர் மாற்றினால் வண்டி கத்தும். சங்கிலியை ஒரே பக்கமாக இறுக்குவான். சிமெண்ட் பலகையோடு அவன் ரோட்டில் இறங்கினால் ஒருநாள் யாராவது சாகத்தான் போகிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அது யாராக இருந்தால் என்ன என்றும் ஒருமுறை யோசித்தேன். யோசித்தது மட்டும்தான் என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.

ஆகஸ்டில் புது வண்டி வந்து நின்றது. மறுநாள் காலையில் அதற்குப் பூஜை. வண்டி வந்த அன்றைக்கேதான் அது நடந்தது.

பலகைகளை வார்க்கும் யார்டில், அடுக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்த அண்ணன் ரிவர்ஸ் எடுத்தார். நான் பின்மூலையில் கம்பியோடு நின்றேன். பச்சைமுத்து வேலை பழக வந்திருந்தான். வண்டிக்கும் அடுக்குக்கும் நடுவே சங்கிலி தரையில் இழுபட்டுக்கொண்டிருந்தது. ரிவர்ஸுக்கு முன்னால் சங்கிலியைச் சுற்றிவைப்பது என் வேலை. அதை மறந்துவிட்டதாக எழுதியிருக்கிறேன். அதுவும் திருத்த வேண்டிய இடம். ஆறு வருஷத்தில் நான் அதை மறந்ததில்லை.

“பச்சை, சங்கிலி தொங்குது பாரு” என்றேன்.

“இருடா, எடுத்துர்றேன்” என்று குனிந்தான்.

அவனை நான் பார்க்கவில்லை என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்னேன். பார்த்தேன். நீலச் சட்டை போட்டிருந்தான். பூஜைக்காக வாங்கியது. ஒருநாள் முன்னதாகவே போட்டுக்கொண்டு வந்திருந்தான். அந்த இடத்தில் ஓர் அடி அடிக்க வேண்டும். கம்பியை ஓங்கிவிட்டேன். ஒன்று அடித்தேன். பிறகு இன்னொன்று அடித்தேன். இரண்டுக்கும் நடுவே நேரம் இருந்தது. நிறையவே இருந்தது.

அண்ணன் என்னை நம்பி வந்தார்.

ஒன்றுதான் அடித்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை. பச்சைமுத்து செத்ததற்கு அண்ணனைப் பிடித்துப்போனார்கள். ஜெயிலில் பார்க்கப் போனபோது அவர்தான் கேட்டார்.

“ஒண்ணுதானே அடிச்சே?”

“ஒண்ணுதாண்ணே.”

“லோடு இருந்திருந்தாக்கூடப் பரவால்ல. காலி வண்டிடா அது. காலி வண்டியில ஒண்ணு அடிச்சது எனக்கு ரெண்டாக் கேட்டிருக்குன்னா காது போச்சுன்னுதானே அர்த்தம்? இத்தன வருஷம் இன்ஜின் பக்கத்துல உக்காந்தவன் காது.” பிறகு, “நீ மனசுல வச்சுக்காதே” என்றார்.

அன்று திரும்பி வந்துதான், வண்டியில் லோடு இருந்தது என்று எழுதினேன். அப்படி இருந்திருந்தால் அவர் காதில் குறையில்லை என்று ஆகிவிடும் அல்லவா. அவருக்காகத்தான் எழுதினேன்.

இப்போது ஜாமீனில் வந்திருக்கிறார். கோவிந்தம்மாள் அக்கா அவரோடு பேசுவதில்லை. சாப்பாட்டுத் தட்டைத் தரையில் வைத்துத் தள்ளிவிடுகிறார். என்னைப் பார்த்தால் மட்டும் அழுகிறார். “நீ ஒருத்தனாவது எங்களுக்கு இருக்கியேடா” என்கிறார். நான் காய்கறி வாங்கிக்கொடுத்துவிட்டு வருகிறேன். புது வண்டி இப்போது என்னிடம். அம்மா அறைக்கு வந்துவிட்டாள். அடுப்பு அவள் சொன்ன மூலையில்தான் இருக்கிறது. அங்கே மூச்சு நன்றாக வருகிறதாம். எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. யாராவது தகரத்தைத் தட்டினால் எண்ண ஆரம்பித்துவிடுகிறேன்.

இன்று சர்ச்சில் பூசை முடிந்து, செய்த பாவத்தைச் சாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றேன். இன்று இருந்த சாமியாருக்குத் தமிழ் தெரியாது. இந்தியில் எனக்குச் சண்டை போட வரும், வழி கேட்க வரும், இதைச் சொல்ல வராது. இங்கிலீஷில் இறந்தகாலம் இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறோம். என் முறை வரும் முன் வரிசையை விட்டு வந்துவிட்டேன்.

சாயங்காலம் சர்தார்ஜி கூப்பிட்டார். கேஸ் முடியும்வரை மாசிலாமணி ஓட்டக் கூடாது, சும்மா உட்கார்ந்திருந்தால் ஆள் கெட்டுப்போவான், உன் வண்டியில் கிளீனராக வரட்டும் என்றார். அண்ணனும் பக்கத்தில் நின்றிருந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சிரித்தார்.

“ஏண்டா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கறே? பின்னாடி நின்னு தட்டறதுக்குக் காது எதுக்குடா? கை இருந்தாப் போதும்.”

மேலே எழுதியது எல்லாம் சரிதானா என்று மறுபடி படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது. நான் இரண்டு அடித்தேன். வேண்டுமென்றே அடித்தேன். இனி திருத்த ஒன்றும் இல்லை.

நாளை செய்ய வேண்டியது: காலையில் யார்டில் லோடு. அடுக்குவரை ரிவர்ஸ். பின்னால் அண்ணன் நிற்பார். அவருக்குக் காது சரியில்லை, அதனால் வண்டியை எடுப்பதற்கு முன் ஹார்னைப் பலமாக அடிக்க வேண்டும்.