ஓகிதா தவறவிட்ட ரயில்

இப்போதெல்லாம் எல்லார் கையிலும் ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கிறது. ரயிலில் பாருங்கள், கோயில் படிக்கட்டில் பாருங்கள், பத்து அடி நடந்தால் ஒரு வாய். என்னை விசாரிக்கிற இன்ஸ்பெக்டர் உசாமியும் அப்படித்தான். ஒரு கேள்வி, ஒரு மிடறு. முப்பது வயதுகூட இருக்காது. மின்விசிறிக்கு நேராக உட்கார்ந்திருக்கிறவனுக்கு என்ன தாகம் என்று எனக்குப் புரியவில்லை.

பதினைந்து வயதில் வடக்கேயிருந்து ரயிலேறி வந்து வார்ப்பட ஆலையில் சேர்ந்தவன் நான். உலைக்கு முன்னால் நாளெல்லாம் நிற்போம். பேஸ்பாலிலும் அன்று அதே சட்டம்தான். பயிற்சி முடியும்வரை தண்ணீர் கிடையாது. குடித்தால் உடம்பு கனக்கும், மனசு தளரும். அதனால் யாரும் செத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

என் பெயர் முரோய் கென்சாகு. வயது எழுபத்தெட்டு. இந்தக் கல்லூரியின் பேஸ்பால் விடுதிக்கும் மைதானத்துக்கும் நான்தான் பொறுப்பு. படிப்பு நடுநிலைப் பள்ளியோடு சரி. உசாமி நான் சொல்வதை எல்லாம் தட்டச்சு செய்கிறார். ஆனால் நான் ஒன்று சொன்னால் அவர் விரல் இன்னொன்று அடிக்கிறது. "கதவைச் சாத்தினேன்" என்று சொன்னேன். திரையில் "அடைத்து வைத்தேன்" என்று வந்தது. படித்தவர்கள் செய்கிற வேலை இது. அதனால்தான் நடந்ததை நானே ஒருமுறை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

ஓகிதா மசாயா இரண்டாம் ஆண்டு மாணவன். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து உயர்நிலைப் பள்ளியில் அவன் பந்து வீசிய காலத்திலிருந்தே எனக்குத் தெரியும். அவனுடைய கடைசிக் கோடையில் மாவட்டப் போட்டி நடந்தபோது வேலி ஓரமாக நின்று பார்த்தேன். ஓய்வே இல்லாமல் அடுத்தடுத்த நாள்களில் முழு ஆட்டமும் அவனே வீசினான். தோற்ற பிறகு மண்ணில் மண்டியிட்டு அழுதான். வலது கையைத் தூக்கிக் கண்ணைத் துடைக்க முடியாமல் இடது கையால் துடைத்தான். அழகாக இருந்தது. அப்படி ஒருவனை வளர்க்க வேண்டும் என்று எங்கள் பயிற்சியாளரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவன் இங்கே வந்ததே என்னால்தான் என்று சொன்னால் பொய் இல்லை.

வந்த பிறகு தோள் சரியாகவில்லை. விடியலில் பையன்கள் மைதானத்தில் வரிசையாக நின்று கத்துவார்கள். பந்து பொறுக்குவார்கள், கோடு போடுவார்கள், மூத்தவர்களின் காலணி துடைப்பார்கள். எல்லாம் செய்வான். வீசுவது மட்டும் இல்லை. வகுப்புக்குப் போவான், வருவான், சாப்பிடுவான். பிறகு அறையில் படுத்துக்கொண்டு அந்தக் கையடக்கப் பெட்டியில் விளையாடுவான். அதுவும் பேஸ்பால்தான். திரையில் ஒரு பொம்மை வீசும், இன்னொரு பொம்மை அடிக்கும். இவன் அசைப்பது இரண்டு கட்டைவிரல். மூன்றாவது மாடியில் நான்கு பேர் அறை, ஒரே ஜன்னல், அதற்கு வெளியே வலை. அந்த ஜன்னல் பக்கம்கூடத் திரும்ப மாட்டான். தோள் போனவனை வெளியே அனுப்பினால் எங்கே போவான் என்று நான் பொறுத்துக்கொண்டேன்.

ஒரு மழைநாள். எல்லாரும் கூடத்தில் இருந்தார்கள்.

"தாத்தா, இங்க வாங்களேன். உங்களை உள்ள ஏத்திட்டேன்" என்று கூப்பிட்டான்.

போய்ப் பார்த்தேன். என் புருவம், என் தாடை. முதுகில் முரோய் என்று எழுதியிருந்தது.

"வயசு இருபதுன்னு போட்டிருக்கேன். சந்தோஷமா?"

"எங்கடா நிக்கிறேன்?"

"வலது மூலையில. அங்க பந்து அவ்வளவா வராது தாத்தா, மூட்டு வலிக்கு நல்லது."

எல்லாரும் சிரித்தார்கள். பொம்மை முரோய் மட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தான், மூன்று பந்தையும் தவறவிட்டான். "தாத்தா காத்தை அடிச்சே களைச்சுட்டாரு, யாராவது நாற்காலி போடுங்கடா" என்றான் எவனோ. மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். இதற்கும் பிறகு நடந்ததற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. உசாமிதான் திரும்பத் திரும்ப அங்கேயே வந்து நிற்கிறார்.

ஆகஸ்ட் பதினைந்து, ஓபோன் விடுமுறை. பையன்கள் குடும்பக் கல்லறைகளைக் கழுவ ஊருக்குப் போய்விட்டார்கள். விடுதியில் நான், சமையல்கார ஹிராகா அம்மா, ஓகிதா. காலையில் முதுகில் பையோடு வந்து நின்றான்.

"தாத்தா, நான் கிளம்புறேன். ரெண்டு மணி ரயில்."

"ஊருக்கா?"

"டோக்கியோவுக்கு. கேம் ஆடுற அணி ஒண்ணு கூப்பிட்டிருக்கு. இன்னிக்கு சாயங்காலம் தேர்வு. எடுத்துக்கிட்டா அங்கேயே இருந்துருவேன். கிளப்பை விட்டுடுறேன்."

"அப்ப பந்து?"

"தோள் போய் ரெண்டு வருஷம் ஆச்சு. ஷாம்பு போடவே இந்தக் கை மேல வர மாட்டேங்குது, உங்களுக்குத் தெரியாததா?"

"கட்டைவிரலுக்கு எவனாவது கைதட்டுவானாடா?"

"தட்டுறாங்க தாத்தா. இப்பல்லாம் தட்டுறாங்க."

சிரித்துக்கொண்டே சொன்னான். அவன் முகத்தில் அப்படி ஒரு தெளிவை இங்கே வந்த பிறகு நான் பார்த்ததில்லை. அவசரத்தில் முடிவெடுக்கிறவர்களின் முகம் அப்படித்தான் இருக்கும். ஒரு ரயில் தவறினால் போதும், புத்தி திரும்பிவிடும் என்று நினைத்தேன். கெட்ட எண்ணம் என்று இதைச் சொல்ல முடியுமா?

"போறதுக்கு முன்னாடி கொட்டகையில பந்தைப் பிரிச்சு வச்சுட்டுப் போ. நல்லது ஒரு கூடை, தையல் விட்டது ஒரு கூடை. போனை இங்கேயே வை. அதை நோண்டிக்கிட்டே வேலை செய்யாதே."

"சரிங்க தாத்தா."

விலகிப் போகிறவன் எனக்கு ஏன் பந்து பிரிக்க வேண்டும்? ஆனாலும் போனான். விடுதிப் பழக்கம் அவ்வளவு நன்றாக ஊறியிருந்தது. போனைப் பையின் மேல் வைத்துவிட்டுப் போனான்.

கொட்டகை மைதானத்தின் ஓரத்தில் இருக்கிறது. நாலு பக்கமும் தகரம், கூரையும் தகரம். ஜன்னல் இல்லை. அவன் உள்ளே போய்க் குனிந்ததும் கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாள் போட்டேன். எப்போதும் பூட்டி வைக்கிற இடம் என்பதால் கை பழக்கத்தில் பூட்டையும் போட்டது. பிறகு அவன் பையையும் போனையும் எடுத்து என் அறையில் வைத்தேன். ஹிராகா அம்மா பார்த்தால் வீணாகக் கேள்வி கேட்பாள்.

முதலில் கூப்பிட்டான். "தாத்தா, கதவு மாட்டிக்கிச்சு" என்றான். தானாக மாட்டிக்கொண்டது என்று நினைத்திருக்கிறான். அதைக் கேட்டுக்கொண்டே உணவுக்கூடத்துக்கு நடந்தேன்.

அங்கே தொலைக்காட்சியில் கோஷியேன் ஓடிக்கொண்டிருந்தது. பள்ளிப் பையன்கள் நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் வந்து ஆடுகிற போட்டி. அன்று நண்பகலில் ஆட்டத்தை நிறுத்துவார்கள். போரில் இறந்தவர்களுக்காகச் சங்கு ஊதும். மைதானத்தில் எல்லாரும் தொப்பியைக் கழற்றித் தலை குனிவார்கள். எங்கள் ஊர் ஒலிபெருக்கியிலும் அதே நேரத்தில் சங்கு ஊதும். நானும் ஹிராகா அம்மாவும் எழுந்து நின்று கண்ணை மூடினோம்.

ஊரே அடங்கிய அந்த ஒரு நிமிடத்தில்தான் தட்டுகிற சத்தம் கேட்டது. மூன்று தட்டு, மூன்று தட்டு, பிறகு ஏழு தட்டு. எங்கள் நாட்டில் எந்தப் போட்டியிலும் ஆட்டக்காரனை உற்சாகப்படுத்தக் கூட்டம் தட்டுகிற தாளம் அது. காற்றோ எலியோ என்று யாரும் நினைத்துவிடக் கூடாது, உள்ளே இருப்பது ஆள்தான் என்று தெரிய வேண்டும், அதற்காகத்தான் அப்படித் தட்டினான் என்று உசாமி சொல்கிறார். எனக்கு அப்படிப் படவில்லை. கட்டைவிரலுக்கு யார் கைதட்டுவான் என்று கேட்டேன் அல்லவா, அதற்குப் பதிலாக எனக்கே தட்டிக் காட்டுகிறான் என்று நினைத்தேன். செத்தவர்களுக்கான நேரத்தில் கேலி. தலையைக் குனிந்தபடியே நின்றேன். அந்த நிமிடத்தில் யாரும் அசையக் கூடாது.

சங்கு ஓய்ந்ததும் ஹிராகா அம்மா கேட்டாள்: "யாரோ தட்டுறாப்ல இருந்துச்சே, முரோய் அண்ணே."

"வலைக் கம்பம். காத்துல ஆடுது."

"காத்தா? இலைகூட அசையலையே."

"மேல இருக்கும்."

"ஓகிதா எங்க? ரயில்ல சாப்பிட ரெண்டு சோத்து உருண்டை பிடிச்சு வச்சிருக்கேன்."

"அவன் அப்பவே போயிட்டான்."

"சொல்லாமலா? நேத்து ராத்திரி 'அம்மா, நான் டிவியில வந்தா நீங்கதான் எனக்கு மேனேஜர்'னு அளந்துக்கிட்டு இருந்தான். என்கிட்ட சொல்லாமலா போயிட்டான்?"

"இந்தக் காலத்துப் பசங்க."

அவள் முகம் வாடிவிட்டது. சமையல் மேலங்கியைக் கழற்றி மாட்டிவிட்டுத் தன் புருஷன் கல்லறைக்குப் பூ வாங்கக் கிளம்பினாள். உருண்டைகளை நான் சாப்பிட்டேன். உள்ளே உப்புப் பிளம் வைத்திருந்தாள். சோறு வீணாகக் கூடாது.

அன்றைய ஆட்டம் இழுத்துக்கொண்டே போனது. சமநிலை, கூடுதல் சுற்று, மறுபடி சமநிலை. வீசிய பையன் மெலிந்தவன், கடைசியில் தோளைப் பிடித்துக்கொண்டே வீசினான். அதை விட்டு எழ முடியவில்லை. இடையில் ரெண்டு மணி ரயில் ஆற்றுப் பாலத்தில் போகிற சத்தம் கேட்டது. தட்டுகிற சத்தம் எப்போது நின்றது என்று கவனிக்கவில்லை. புத்தி திரும்பிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

ஆட்டம் முடிந்து கொட்டகைக்குப் போனேன். தகரத்தில் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சுட்டது.

"ரயில் போயிருச்சுடா" என்றேன்.

கதவின் அடியில் விரல் நுழைகிற அளவு இடைவெளி உண்டு. அங்கேயிருந்து ஏதோ குரல் வந்தது.

பேஸ்பாலில் குரல்தான் முதல் பாடம். வணக்கம் சொன்னாலும் மன்னிப்புக் கேட்டாலும் மைதானத்தின் கடைசி வேலி வரைக்கும் கேட்கிற மாதிரி, வயிற்றிலிருந்து சொல்ல வேண்டும். முனகினால் அது கணக்கில்லை. மூத்தவன் "கேக்கலை" என்பான். சொன்னவன் மறுபடி சொல்வான். கேட்கிறவரைக்கும் சொல்வான். இது நான் கண்டுபிடித்தது இல்லை. எல்லாப் பள்ளியிலும் இதுதான் வழக்கம், ஓகிதாவுக்கும் சின்ன வயதிலிருந்து தெரியும்.

"கேக்கலை" என்றேன்.

மறுபடி ஏதோ சொன்னான். முன்னைவிடச் சின்னதாக.

"கேக்கலைடா."

அதற்குப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. பிடிவாதம் பிடிக்கிறான் என்று நினைத்தேன். ஒழுங்காக மன்னிப்புக் கேட்க இன்னும் கொஞ்ச நேரம் தேவை என்றால் எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு வேலை இருந்தது. குழாயைப் பிடித்து மைதானம் முழுக்கத் தண்ணீர் அடித்தேன். அந்த வெயிலில் ஒருநாள் விட்டால் மண் பறந்துவிடும். ஓரத்தில் அடிக்கும்போது கொஞ்சம் கொட்டகைச் சுவரிலும் பட்டது. தகரம் சுர்ரென்றது.

பொழுது சாய்கிற நேரத்தில் ஹிராகா அம்மா திரும்பி வந்தாள். என் அறையில் கிடந்த அவன் பையைப் பார்த்துவிட்டு ஓடி வந்தாள். "அண்ணே, பை இங்க இருக்கு, பையன் எங்க அண்ணே" என்று என் சட்டையைப் பிடித்தாள். அப்போது போய்த் திறந்தேன்.

கதவடியில் வாயை வைத்தபடி கிடந்தான். மூச்சு இல்லை. ஹிராகா அம்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்தார்கள். நான் பார்த்தது கூடைகளை. நல்ல பந்து ஒரு கூடையில், தையல் விட்டது இன்னொன்றில். ஒன்றுகூட மாறவில்லை. சொன்ன வேலையை முடித்திருந்தான். அந்த அளவுக்கு என் வளர்ப்பு தப்பவில்லை என்று தோன்றியது. இதை உசாமியிடம் சொன்னபோது அவர் தட்டச்சு செய்வதை நிறுத்திவிட்டார்.

பூட்டியது நான். திறக்காததும் நான்தான். யார் மேலும் பழி போடவில்லை.

இன்று காலை எல்லாவற்றையும் எனக்குப் படித்துக் காட்டினார் உசாமி. முடிவில் கட்டைவிரல் ரேகை வைக்க வேண்டும். மைப்பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு ஒன்று கேட்டார்.

"முரோய் ஐயா, ரயில் போயிருச்சு. நீங்க நினைச்சது நடந்துருச்சு. அப்புறமும் ஏன் திறக்கலை?"

"அவன் ஒழுங்கா மன்னிப்புக் கேக்கலை. எனக்குக் கேக்கிற மாதிரி சொல்லலை."

"என்ன சொன்னான்னு உங்களுக்குக் கேக்கலை."

"கேக்கலை."

"அப்ப அவன் சொன்னது மன்னிப்புன்னு எப்படித் தெரியும்?"

வேறு என்ன சொல்லியிருப்பான் என்று அவர் கேட்க நினைக்கிறார், எனக்குத் தெரியும். படித்தவர்கள் இப்படித்தான், ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு விட மாட்டார்கள். மையில் விரலை அழுத்திக் காகிதத்தில் வைத்தேன். துடைக்கத் துணி நீட்டினார், வாங்கவில்லை. எழுந்து, காவலர் கதவைத் திறந்து விட, காவல் அறைக்கு நடந்தேன்.

உசாமி பேஸ்பால் ஆடியதில்லை என்று நினைக்கிறேன். ஆடியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். அவ்வளவு சின்னக் குரல் காதில் விழுந்தாலும், கேட்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.