இன்னொரு பூச்சு

முதலில் ஒரு துணி கொடுங்கள், ஐயா. உங்கள் மேசையில் தேநீர் சிந்தியிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே என்னால் நிதானமாகப் பேச முடியாது. எங்காவது ஈரம் ஒட்டிக்கொண்டு நின்றால் எனக்குக் கை பரபரக்கும். தொழில் புத்தி, வேறொன்றுமில்லை.

நீர் ஒட்டாத பரப்புகளைச் செய்வதுதான் எங்கள் ஆய்வகத்தின் வேலை. கண்ணாடியோ தகரமோ, அதன்மேல் மிக மெல்லிய பூச்சு ஒன்றைத் தெளிப்போம். பிறகு ஒரு சொட்டு நீர் விட்டால் அது பரவாது, கோலிக்குண்டு மாதிரி உருண்டு ஓடிவிடும். அந்தக் கலவையும் தெளிக்கும் முறையும் என்னுடையவை. கல்யாணப் பேச்சை எல்லாம் தட்டிக்கழித்து, கண்ணையும் முதுகையும் கெடுத்துக்கொண்டு உண்டாக்கியவை. நான் அதைத் தொடங்கியபோது என் தங்கை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள்.

ஆமாம், அவள் செத்தது எப்படி என்றுதானே கேட்கிறீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

அவளை ஆய்வகத்தில் சேர்த்துவிட்டதே நான்தான். சரியான வாயாடி. வந்த வாரமே எல்லோருக்கும் பட்டப்பெயர் வைத்துவிட்டாள். கருவிகளைப் பழுதுபார்ப்பவருக்குத் திருகாணி, எனக்கு வாத்தியாரம்மா. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்து நின்றாள்.

"அக்கா, எதுக்குக்கா இந்த நாத்தம் புடிச்ச கெமிக்கல்? தண்ணியிலயே கலந்து பிரஷ்ஷால தடவுனா ஆகாதா?"

நீரை விரட்டும் பூச்சை நீரிலேயே கலப்பதாம். "போடி லூசு" என்றேன். அந்த மழைக்காலம் முடிவதற்குள் அப்படிப் பூசிய ஒரு கண்ணாடித் தட்டைச் செய்து என் மேசையில் வைத்தாள். சொட்டு உருண்டு ஓடியது. தெளிப்பான் வேண்டாம், நெடி இல்லை, குழந்தை தூங்கும் அறைச் சுவரில்கூட அடிக்கலாம். இயக்குநர் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார். பிறகு என் பக்கம் திரும்பி, "இனிமே உங்க முறை தேவைப்படாது இல்ல, மேடம்?" என்றார். வெள்ளந்தியான மனிதர், மனதில் எதையும் வைத்துக்கொண்டு கேட்கவில்லை. எனக்கு வயிறு எரிந்தது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அன்று எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தது நான்தான்.

இரண்டு முறைகளையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னதில் தவறே இல்லை. இரண்டு தட்டுகளையும் ஒரே கை செய்தால்தான் ஒப்பீடு செல்லும். ஆகவே என் முறையில் ஒரு தட்டை அவளே தெளிக்க வேண்டியதாயிற்று.

தெளிக்கும் அறையில் புகையை வெளியே இழுக்க ஒரு மின்விசிறி உண்டு. ஆனால் அது ஓடினால் காற்று அலைக்கழிக்கும், பூச்சு திட்டுத்திட்டாக விழும். அதனால் தட்டு நன்றாக வர வேண்டும் என்கிறவர்கள் விசிறியை நிறுத்திவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு பூச்சு தெளித்துவிட்டு வெளியே ஓடி வருவார்கள். கூடாதுதான். ஆனால் எங்களில் அதைச் செய்யாதவர் இல்லை. பொத்தான் கதவுக்கு வெளியே இருப்பதால் துணைக்கு ஒருவர் நிற்க வேண்டும்.

அதற்குக் கொஞ்ச நாள் முன்புதான் தெளிப்பானுக்குப் புதிய முனை வந்திருந்தது. பழையதைவிட நுண்ணியது, துளிகள் புகை மாதிரிப் பொடியாக வரும். திருகாணி அதைச் சும்மா ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுநாள் நெஞ்சைப் பிடித்தபடி என்னிடம் வந்தார்.

"மேடம், மூச்சே விட முடியலை. அந்தப் புகை உள்ள போயிடுச்சோன்னு பயமா இருக்கு."

"சளியா இருக்கும். லீவு போட்டுட்டுப் படுங்க" என்று அனுப்பிவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். நுரையீரலின் உள்ளே மெல்லிய ஈரப் படலம் ஒன்று உண்டு. அது இருந்தால்தான் மூச்சறைகள் விரியும். எங்கள் பூச்சுக்கு ஈரம் ஆகாது. கண்ணாடிக்குச் செய்வதை அது அங்கேயும் செய்யும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அறையைப் பூட்டியிருப்பார்கள், என் முறையையும் சேர்த்து.

அன்று அந்த முனையைத் தெளிப்பானில் பொருத்தியது நான். "மாஸ்க்குக்கு ஃபில்டர் தீந்துடுச்சுடி, துணியைக் கட்டிக்கோ" என்றேன். ஃபில்டர்கள் என் அலமாரியில் இருந்தன. அவள் உள்ளே போனாள், நான் விசிறியை நிறுத்தினேன்.

முதல் பூச்சு முடிந்ததும் கதவுக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, விசிறியைப் போடும்படி கையைச் சுழற்றிக் காட்டினாள். நான் ஒரு விரலைக் காட்டினேன். இன்னொரு பூச்சு. தலையாட்டிவிட்டுத் திரும்பினாள். என்னதான் வாயடித்தாலும் வேலை விஷயத்தில் என் பேச்சைத் தட்டவே மாட்டாள். பாதியில் குனிந்து இருமினாள். நிமிர்ந்து மீதியையும் தெளித்தாள். மறுபடியும் பார்த்தாள். மறுபடியும் விரலைக் காட்டினேன்.

மருத்துவமனையில் அவளை விட்டு நான் நகரவில்லை. "எதையாவது சுவாசிச்சாங்களா?" என்று மருத்துவர் கேட்டார். தெரியாது என்றேன். ஆக்சிஜன் முகமூடியை விலக்கிவிட்டு, "அக்கா, தட்டு நல்லா வந்திருக்கா?" என்று கேட்டாள். "பிரமாதமா வந்திருக்குடி கண்ணு" என்றேன். மறுநாள் மதியம் போய்விட்டாள். அழுதேன், ஐயா. நடிக்கவில்லை, வாய்விட்டு அழுதேன். அவள்மேல் எனக்கு உயிர்.

ஆகவே நீங்கள் சந்தேகப்படுவது சரிதான். என்ன ஆகும் என்று தெரிந்தேதான் அவளை உள்ளே அனுப்பினேன். அவள் கேட்டும் விசிறியைப் போடவில்லை. மருத்துவரிடம் பொய் சொன்னேன். என் தங்கையைக் கொன்றது நான்தான்.

ஒன்றே ஒன்று. அந்தத் தட்டை எடுத்து வந்திருக்கிறீர்களாம். சோதித்துப் பார்த்தால் ஒரு மூலையில் மட்டும் நீர் ஒட்டும். அவள் இருமியபோது கை ஆடிவிட்டது, அதனால் வந்தது. என் முறையில் குறை இருப்பதாக எழுதிவிடாதீர்கள்.