ஆறு மணி நேரம் திறக்கக் கூடாது

நாற்காலியை ஜன்னலோரம் போட்டுக் கொடுத்ததற்கு நன்றி, இன்ஸ்பெக்டர். காற்றோட்டம் இருந்தால் நான் எதையும் மறைக்க மாட்டேன்.

மூன்று தலைமுறையாக எங்களுக்குத் துணி வியாபாரம். சொன்ன விலைக்கு வாங்குகிறவனை எங்கள் வீட்டில் ஆளாகவே மதிப்பதில்லை. அப்படி வளர்ந்தவன், டாக்டர் சொன்னதை மட்டும் அப்படியே வாங்கிக்கொள்வேனா? காசநோய் இல்லை என்றார் முதல் டாக்டர்.

"கொஞ்சமாவது இருக்குமே டாக்டர்?"

"துளிகூட இல்லைங்க."

"சரி, ஆரம்பம்னு வச்சுக்குவோம்."

மனிதர் இறங்கி வரவில்லை. அடுத்தவரிடம் போனேன். ஐந்தாவது டாக்டர் என் தலையைக் கண்டதுமே சாப்பிடக் கிளம்பிவிட்டார். மணி காலை பத்து.

ஆக, எனக்கு நோய் இல்லை என்று ஒப்புக்கொண்டேன். இனி வந்தால் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். பக்கத்தில் இருந்தவன் என் மனைவியின் தம்பி.

கடையில் துணி கிழிப்பது அவன்தான். அளந்ததும் ஓரத்தில் பல்லால் ஒரு கடி, பிறகு இரண்டு கையாலும் ஒரே இழுப்பு. நூல் பிடித்தாற்போல் வரும். கத்தரிக்கோல் வாங்கிக் கொடுத்தேன். "இதுல வெட்டினா கோணும் மாமா" என்று அதை முதுகு சொறிய வைத்துக்கொண்டான். அவன் கடித்த ஓரத்தைப் பன்னிரண்டு வருடமாக மடித்து வைத்தவன் நான்.

போன மாதம் அவன் இருமத் தொடங்கினான்.

"பஞ்சுத் தூசிங்க அது. நீங்களுந்தான் இருமுறீங்க" என்றாள் மனைவி. நான் இருமுவது யாரால் என்று அவள் யோசிக்கவில்லை. பரிசோதனைக்கு வா என்று அவனைக் கெஞ்சினேன். "உங்க வியாதிக்கு நான் ஊசி போட்டுக்கணுமா?" என்றான். கடையே சிரித்தது.

எங்கள் கிடங்கில் மாதம் ஒருமுறை பூச்சிமருந்துப் புகை விடுவோம். ஆட்களை வெளியேற்றி, கதவிடுக்கில் நாடா ஒட்டி, 'ஆறு மணி நேரம் திறக்கக் கூடாது' என்று பலகை மாட்டுவோம். சனிக்கிழமை மத்தியானம் நான் பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் இருமலோடு சிரித்தான். "பேசாம என்னையும் உள்ள வச்சு ஒரு புகை விட்டுருங்க மாமா. உங்க மனசாவது ஆறும்."

யோசனை அவனுடையது என்பதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

"பின்வரிசையில நீல மூட்டை ஒண்ணு கிடக்கு, எடுத்துட்டு வா மாப்பிள்ளை" என்றேன். போனான். கதவைத் தாழிட்டு, நாடாவைச் சுருக்கமில்லாமல் ஒட்டினேன். புகைக் குழாயின் திருகு வெளியில்தான் இருக்கிறது.

"மாமா, உள்ள ஆள் இருக்கேன்" என்று தட்டினான். அஞ்சு நிமிஷம் திறக்கச் சொன்னான். பிறகு ஒரு நிமிஷம். பிறகு, சும்மா ஒரு விரல் இடைவெளி. எங்கள் கடையில் வளர்ந்தவன், இறங்கி இறங்கி வந்தான். நான்தான் நகரவில்லை. என் வாழ்நாளில் பேரம் பேசாமல் இருந்த ஒரே மத்தியானம் அது.

ஆறு மணி நேரம் கழித்துத் திறந்தேன், முகத்தில் துணி கட்டிக்கொண்டு.

பிணப் பரிசோதனை அறிக்கையை என் முன்னால் வைத்துவிட்டு, நான் தலைகுனிவேன் என்று காத்திருக்கிறீர்கள். நுரையீரலில் காசநோயின் அடையாளமே இல்லை என்று எழுதியிருக்கிறது. படித்தேன். அவனைக் கொன்றது நான்தான், எங்கே கையெழுத்துப் போடவேண்டும் என்று காட்டுங்கள்.

ஆனால் ஆறே மணி நேரத்தில் அவனுக்குக் குணமாகிவிட்டது என்பதையும் கீழே ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.