கட்டிலுக்குக் கீழே ஒரு ஜோடிச் செருப்பு

2025 பிப்ரவரி 15, சனிக்கிழமை. காலை 10.40, இரங்கல் கூட்டம். மேடையில் ஆறு பேர், கீழே நாற்பத்தொரு பேர். இந்த நாற்பத்தேழு பேரில், ஹாஜிரா பீ உயிரோடு இருந்தபோது அவரிடம் மன்னிப்புக் கேட்டவர்கள்: பூஜ்யம்.

மேடையில் வீற்றிருக்கும் இயக்குநர் துரைராஜ் அவர்களே, அறங்காவலர்களே, கடைசி வரிசையில் உட்கார வைக்கப்பட்டிருக்கும் ஹாஜிரா பீயின் மகள் ரூபீனா அவர்களே, வணக்கம். நான் செம்பியன். இந்த மயிலாப்பூர் ஓவியக்கூடத்தில் படங்களை ஸ்கேன் செய்யும் பொறியாளன். எனக்கு மேடைப்பேச்சு வராது. நடந்ததைச் சொல்கிறேன்.

"எளிமையானவர், அமைதியானவர்" என்றீர்கள், முன்னால் பேசிய மூவரும். யார் அமைதி? பழைய சிற்றோவியங்களைப் பூச்சி அரிக்காமல், வண்ணம் உதிராமல் இருபத்தாறு ஆண்டுகள் காத்த காப்பாளர் ஹாஜிரா பீ, சண்டை போட்டவர்! என் காதாலேயே கேட்டேன்.

உஷை–அநிருத்தன் காதல் கதை, பதினாறு படங்கள். முன்பின் தெரியாத ஒருவனை உஷை கனவில் காண்கிறாள். தோழி சித்திரலேகை ஆண்களை ஒவ்வொருவராக வரைந்து காட்டி அவனைக் கண்டுபிடிக்கிறாள். தூங்குகிறவனை அப்படியே தூக்கி வருகிறாள். அப்பன் பாணாசுரன் நாகபாசத்தால் அவனைக் கட்டுகிறான். பிறகு போர், கடைசியில் கல்யாணம். இருவரும் ஒரே கட்டிலில் இருக்கும் படத்தை இயக்குநர் கடைசியில் மாட்டினார். "முதலிரவு" என்று சீட்டும் எழுதினார்.

ஹாஜிரா பீ விடவில்லை. "இன்னா சார், கட்டிலுக்குக் கீழ ஒரு ஜோடிச் செருப்புதான் கீது. பொண்ணோடது. நடந்து வந்த ஆளு செருப்ப எங்க வுட்டான்? இவன் கனாவுல வந்தவன் சார். இதான் மொத படம்."

"ஏம்மா, எங்க புராணத்தை நீ எனக்குச் சொல்லித் தரியா?"

"புராணம் உங்களுது சார். கண்ணு என்னுது."

சென்ற ஜூனில், வரிசை தப்பு என்று ஒரு பார்வையாளர் புகார் எழுதினார். உடனே என்ன செய்தீர்கள், இயக்குநர் சார்? "படம் ஒட்டுபவர் குழப்பிவிட்டார்" என்று கடிதம் எழுதி, ஹாஜிரா பீயை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பினீர்கள்! படத்தையாவது மாற்றினீர்களா? அது இன்னமும் கடைசியில்தான் தொங்குகிறது.

ஆகஸ்டில் அதை அகச்சிவப்பு ஒளியில் ஸ்கேன் செய்தேன். பின்னால் ஒட்டிய தாளுக்கு அடியில் பழைய எழுத்தில் ஓர் எண் தெரிந்தது. ஒன்று. கோப்பில் போட்டேன், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று. போன ஞாயிறு அவர் போய்விட்டார். அந்தப் பூஜ்யத்தில் நானும் அடக்கம்.

கண்ணீர் அஞ்சலி செலுத்த எனக்குத் தகுதியில்லை. செய்யப் போவதைச் சொல்கிறேன்:

1. கூட்டம் முடிந்ததும் கடைசிப் படத்தைக் கழற்றி முதலில் மாட்டுவேன். தடுப்பவர் தடுக்கட்டும்.
2. சீட்டில் "உஷையின் கனவு" என்று எழுதுவேன். அடியில்: "வரிசையைக் கண்டு சொன்னவர் காப்பாளர் ஹாஜிரா பீ."
3. ஸ்கேனையும் இயக்குநரின் கடிதத்தையும் ஒரே தாளில் அச்சிட்டு, அறங்காவலர் ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பேன்.
4. எல்லாவற்றுக்கும் முன்னால், இப்போதே: துரைராஜ் சார், எழுந்திருங்கள். ரூபீனா அக்கா கடைசி வரிசையில் இருக்கிறார். அங்கே போவோம். எனக்கும் அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.