காலடியில் ஒரு பெட்டி

தேநீரில் சர்க்கரை கூடிப்போயிருந்தால் சொல்லுங்கள் டாக்டரம்மா. ஓய்வு பெற்றதிலிருந்து எதை அளந்து போட்டாலும் என் கை கொஞ்சம் கூடவே அள்ளிவிடுகிறது. வேலையில் இருந்தவரை அப்படியில்லை. அப்போது குறைப்பதில்தான் நான் கெட்டிக்காரன்.

நீங்கள் தைத்த தொண்டை பக்கத்து அறையில் தன் சொந்தக்காரனோடு பத்திரமாக இருக்கிறது. ஆபரேஷனைக் கெடுத்துவிட்டீர்கள் என்று அவனுடைய பாட்டுக் குழுக்காரர்கள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். உங்கள் கையில் ஒரு குற்றமும் இல்லை. அதைச் சொல்லத்தான் வரச்சொன்னேன். நல்ல டாக்டர்மேல் வீண்பழி நிற்பது எனக்குப் பிடிக்காது.

என் மனைவியின் தம்பி அவன். வெளியே ‘இடி’ என்றால்தான் தெரியும். அவன் பாடியது த்ராஷ் மெட்டல். அது என்னவென்றால், இரண்டு கிட்டார்கள் ரம்பம்போல் அறுக்கும். டிரம்காரன் ஒரு பாத்திரக்கடையையே மாடிப்படியில் உருட்டிவிடுவான். நடுவில் ஒருவன் வீடு பற்றி எரிவதுபோல் கத்த வேண்டும். அதிலும் தாளம் தப்பக் கூடாது. ஆரம்பத்தில் என் மச்சினன் கத்தினால், குழாயைக் கொஞ்சம் மூடுங்களேன் என்று பக்கத்து வீட்டுக்காரர் கெஞ்சுவதுபோல் இருக்கும். முதல் கச்சேரி ஒரு டயர் கிடங்கில். வந்ததில் பாதிப்பேர் டயர் வாங்க வந்தவர்கள். என் மனைவி காதில் பஞ்சோடு முன்வரிசையில் நின்றுவிட்டு, “நல்லாத்தான்டா இருந்துச்சு, வாய் அசைஞ்சது அழகா இருந்துச்சு” என்று தம்பியைத் தேற்றினாள்.

நான்தான் அவர்களுக்கு ஒலிக்காரன். அந்த இரைச்சலுக்குள் பாடுகிறவனுக்குத் தன் குரல் தனக்கே கேட்காது. அதற்காக அவன் காலடியில், அவன் முகத்தைப் பார்த்துச் சாய்ந்தபடி ஒரு பெட்டி இருக்கும். மானிட்டர் என்போம். கூட்டத்துக்குப் போகிற ஒலி வேறு, அந்தப் பெட்டிக்குப் போகிற ஒலி வேறு. மேடை ஓரத்தில் என் மேசையில் அதற்கென்று ஒரு குமிழ் உண்டு. மேலே தள்ளினால் அவன் குரல் அவனுக்குக் கேட்கும். கீழே இழுத்தால் கேட்காது. கூட்டத்தில் ஈ காக்காய்க்கும் தெரியாது.

முதல் தடவை நடந்தது தற்செயல்தான். என் முழங்கை பட்டுக் குமிழ் இறங்கிவிட்டது. குரல் காணாமல் போனதும் அவன் பயந்துபோனான். சந்தையில் பிள்ளையைத் தொலைத்த தாய்போல அதைத் தேடிக் கத்தினான். அடிவயிற்றிலிருந்து ஒன்று கிளம்பியது பாருங்கள், நாலு தெரு தள்ளி நின்ற கார்களெல்லாம் கூடச் சேர்ந்து அலறின. முன்வரிசைக்காரர் ஒருவருக்குக் கட்டின பல் கழன்று விழுந்தது என்று சத்தியம் செய்வேன். கூட்டம் வெறிபிடித்து ஆடியது.

மேடையிலிருந்து இறங்கியவன் நேராக என் மேசைக்கு வந்தான்.

“எங்கேர்ந்து வந்துச்சுன்னே தெரியல மச்சான். உள்ள யாரோ குடி வந்துட்டான்.”

“இருந்துட்டுப் போறான் மாப்ளே. காலி பண்ணச் சொல்லிடாதே” என்றேன்.

குமிழ் இறங்கியதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அத்தனை சந்தோஷத்தில் மண் அள்ளிப் போட எனக்கு மனம் வரவில்லை. அடுத்த கச்சேரியில் ஒரு நூல் குறைத்தேன். அதற்கடுத்ததில் இன்னொரு நூல். உப்பை மெல்ல மெல்லக் குறைத்தால் நாக்குக் கண்டுபிடிக்காது. காதும் அப்படித்தான்.

அவன் வளர்ந்தான். கிடங்கு போய் அரங்கம், அரங்கம் போய் மைதானம். சுவரொட்டியில் அவன் வாய்க்குள் ஒரு பேருந்தை நிறுத்திவிடலாம், பயணிகளோடு. கச்சேரி முடிந்து வாயைத் துடைத்த துணியில் சிவப்பு தெரிய ஆரம்பித்தபோது, ஓடிப்போய் வெந்நீர் கொண்டுவந்தவன் நான்தான். என்னளவுக்கு அவனைக் கவனித்துக்கொண்டவர் யாருமில்லை.

பிறகு ஒருநாள் குரல் நின்றது. குழுவுக்கு வேறொருவன் கிடைத்தான். பழைய சுவரொட்டியின் மேலேயே புதியவன் வாயை ஒட்டினார்கள். ‘இடி’ பார்சல் வண்டி ஓட்டப் போனான். வீட்டுக்காரர் கதவைத் திறந்தால் “பார்சல்” என்று சொல்லக்கூடக் காற்றுதான் வரும். நாய்கள்கூட அவனைக் கண்டால் பாவப்பட்டுக் குரைக்காமல் படுத்துக்கொள்ளும்.

அந்தச் சமயத்தில்தான் என் மனைவி போய்ச் சேர்ந்தாள். அவன் துணிப்பெட்டியோடு என் வீட்டுக்கு வந்தான். நான் சமைப்பேன், அவன் வெங்காயம் உரிப்பான். சாயங்காலம் வாசல் பூட்டில் அவன் சாவி திரும்பும் சத்தம் கேட்டால்தான் எனக்கு மூச்சு சீராகும். கொஞ்சம் தாமதமானாலும் சுவரெல்லாம் என்னை நோக்கி நகர்ந்து வருவதுபோல் இருக்கும். இதில் நான் மிகைப்படுத்தவில்லை.

“பாட்டு இல்லேன்னா நான் யாரு மச்சான்?” என்று ஒருநாள் காற்றாகக் கேட்டான்.

“என் மச்சினன்” என்றேன்.

அது அவனுக்குப் போதவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்தான்.

நீங்கள் சரிசெய்துவிட்டீர்கள். மறுபடி குளியலறையில் பாடினான். சுவரில் பதித்த ஓடு ஒன்று பெயர்ந்து வாளிக்குள் விழுந்தது. குழுக்காரர்கள் ஓடிவந்து கூப்பிட்டார்கள். நாடு நாடாகப் போகும் கச்சேரிப் பயணம்.

“முதல் கச்சேரிக்கு நீங்கதான் மேசையில உக்காரணும் மச்சான். அப்புறம் காதுக்குள்ளயே மாட்டிக்கிற கருவியாம், அதுக்குப் புது ஆளு வர்றாரு. ஒரு வருஷம், சுத்திட்டு வந்துடறேன்.”

“அதுக்குள்ள நான் செத்துட்டா?”

“நீங்களா? எமனே வந்தாலும் உக்கார வெச்சுக் கதை சொல்லியே அவனைச் சாகடிச்சிடுவீங்க.”

இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அவன் சிரித்துக்கொண்டே போய்ப் பெட்டி கட்ட ஆரம்பித்தான்.

கச்சேரிக்கு முன் நீங்கள் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது நினைவிருக்கிறதா? “அவர் குரல் அவருக்குக் கேட்டுக்கிட்டே இருக்கணும். கேக்கலேன்னா கத்துவாரு. கத்தினா திரும்பச் சரிபண்ண முடியாது. உங்களை நம்பித்தான் விடறேன்.” மிகத் தெளிவாகச் சொன்னீர்கள். புரியாமல் செய்ததாக நான் சொல்லப்போவதில்லை.

திறந்தவெளி மேடை, சாயங்கால வெயில். மூன்று பாட்டு அருமையாகப் போனது. அலட்டாமல், அளவாக, கெட்டிக்காரத்தனமாகப் பாடினான். நடுவில் என் பக்கம் திரும்பினான். ஆனால் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பின்னால் தயாராக நின்ற பயண வண்டியைப் பார்த்துச் சிரித்தான். நான்காவது பாட்டில் குமிழை இறக்கினேன்.

அவன் தொண்டையைத் தொட்டுக் காட்டி, கட்டைவிரலை மேலே உயர்த்தினான். என் குரலைக் கூட்டு என்று எங்கள் தொழிலில் அர்த்தம். தலையாட்டினேன். கையை மேலே தள்ளுவதுபோல் அவனுக்குக் காட்டிவிட்டுக் குமிழைக் கீழே இழுத்தேன். மறுபடியும் விரலை உயர்த்தினான். இந்தமுறை முகத்தில் சிரிப்பு இல்லை. மறுபடியும் தலையாட்டினேன். அடிமட்டம்வரை இழுத்தேன்.

அவன் கத்தினான். அத்தனை வருஷத்தில் அவன் கத்தியதிலேயே அதுதான் உயர்ந்தது. ஒலிக்காரனாகச் சொல்கிறேன், உறவுக்காக அல்ல. பிறகு வாய் திறந்தபடி இருந்தது, ஒன்றும் வரவில்லை. தங்களைப் பாடச் சொல்கிறான் என்று நினைத்துக் கூட்டமே பாட்டைப் பாடி முடித்தது. அவன் மேடை ஓரத்துக்கு வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டான். உதடு மட்டும் அசைந்தது: “மன்னிச்சிடுங்க மச்சான்.”

மன்னித்தேன்.

அவன் இன்றுவரை தன் தொண்டையைத்தான் நொந்துகொள்கிறான். அதை மாற்ற வேண்டாம் டாக்டரம்மா. உங்கள்மேல் பழியில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். அவனிடம் மட்டும் சொல்லாதீர்கள். பாடகனாக இருந்தபோது அவனுக்கு ஒருநாள் நிம்மதி உண்டா? இப்போது நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம், பேச்சுத் துணைக்கு நான். பேசுவதெல்லாம் நானேதான், அது வேறு விஷயம். அவனுக்கு நீங்கள் சொல்லிக்கொடுத்ததுபோல மேசையில் தட்டுகிறான். ஒரு தட்டு என்றால் ஆமாம், இரண்டு என்றால் இல்லை. நான் சொல்வதில் நம்பிக்கை இல்லையென்றால் நீங்களே கேளுங்கள். இருங்கள், அந்த அறைக் கதவைத் திறக்கிறேன்.

“மாப்ளே, டாக்டரம்மா வந்திருக்காங்க. இங்க என்கூட சந்தோஷமா இருக்கியான்னு கேக்கறாங்க.”

கேட்டதா? இரண்டு தட்டு. அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எப்போது கேட்டாலும் இரண்டுதான் தட்டுவான். ஆயிரம் இருந்தாலும் பாட்டுக்காரன் கை, தாளத்தை ஒன்றோடு நிறுத்த அதற்கு வராது.